கம்பிக்குக் கீழே பச்சை

அத்தியாயம் 14

"ஜாஸ்லினுக்கு மட்டும் எப்படி எல்லாம் நல்லதாகவே நடக்கிறது? எங்கள் வீட்டுப் பெண்ணும் சொந்தத் தொழில்தான் ஆரம்பித்தாள், ஆறே மாதத்தில் கடையைச் சாத்திவிட்டாள்" என்று கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கோபமாக எழுதியிருந்தார். அம்மா, நீங்கள் இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். இதோ, நீங்கள் கேட்டது வந்துவிட்டது. எழுதுகிற எனக்கே இந்த வாரம் கை ஓடவில்லை.

இன்றுதான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஜாஸ்லினுக்கு வயது இருபத்தெட்டு. சென்னையில் ஆறு வருடம், ராத்திரி ஷிஃப்டில், யாரோ அமெரிக்காக்காரர்களின் இன்சூரன்ஸ் படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் போதும் என்று வேலையை விட்டாள். பத்து நாள் பயிற்சி எடுத்தாள், உரிமம் வாங்கினாள், சேர்த்துவைத்ததையெல்லாம் போட்டு ஒரு விவசாய ட்ரோனும் அதை ஏற்றிப்போக ஒரு லோடு ஆட்டோவும் வாங்கிக்கொண்டு, குடவாசல் பக்கத்தில் இருக்கும் சூசையப்பர் தெருவுக்கே திரும்பி வந்துவிட்டாள். வயல்களுக்கு மருந்தும் உரக் கரைசலும் தெளித்துத் தருவதுதான் இப்போது பிழைப்பு.

அப்பா அடைக்கலராஜ் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அண்ணன் டேவிட்சன் தேவாலயம் நடத்தும் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அம்மா ஆரோக்கியத்துக்கு மகளின் தொழிலை வெளியில் என்னவென்று சொல்வது என்பதே இன்னும் பிடிபடவில்லை. "மருந்து லைன்ல இருக்கு" என்று அவள் சொல்லிவைத்ததை நம்பி, பார்மசி படித்த மாப்பிள்ளை ஒருவர் குடும்பத்தோடு வந்து காப்பி குடித்துவிட்டுப் போன கதை மூன்றாம் அத்தியாயத்தில் வந்தது.

போன அத்தியாயத்தின் கடைசியில் அவள் தெளித்துக் கொடுத்த ஒரு வயலின் சொந்தக்காரர் வைரக்கண்ணுவிடமிருந்து போன் வந்தது. "ஒரு எட்டு வயலுக்கு வந்துட்டுப் போ, ஜாஸ்லினு" என்றார், அவ்வளவுதான். ஏன் என்று சொல்லாமல் வைத்துவிட்டார்.

இன்று வெள்ளிக்கிழமை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளி, சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் நடக்கும் நாள். காலை ஏழு மணிக்கெல்லாம் ஜாஸ்லின் வயலில் நின்றாள்.

*

வைரக்கண்ணுவுக்கு அங்கே ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். சம்பா அறுப்பதற்குப் பத்து நாள் முன்பு, நெல் நின்றுகொண்டிருக்கும்போதே ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிட்டு, அப்புறம் நெல்லை அறுப்பது நம் பக்கத்து வழக்கம். அப்படித் தெளித்த உளுந்து, காய்ந்த நெல் தாளுக்கு நடுவே முழங்கால் உயரம் வளர்ந்து பூவெடுத்திருந்தது. போன சனிக்கிழமைதான் ஜாஸ்லின் அதற்கு டி.ஏ.பி. உரக் கரைசல் தெளித்துவிட்டுப் போனாள். பூ உதிராமல் காய் பிடிப்பதற்காக எல்லோரும் செய்வதுதான்.

இன்று பார்த்தால், செடிகள் முறுக்கிக்கொண்டு நின்றன. இலைகள் உள்பக்கமாகக் குவிந்து, தண்டு வளைந்து, கொழுந்து தலையைக் கீழே போட்டிருந்தது.

வரப்பில் வைரக்கண்ணுவும், அவர் மனைவி பொன்னுத்தாயும், குடவாசலில் உரக்கடை வைத்திருக்கும் ஷஹ்பாஸும் நின்றிருந்தார்கள். ஷஹ்பாஸ் ஒரு செடியைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினான்.

"வைரஸுங்க. வெள்ளை ஈ பரப்பி விட்டுருது. போன வருஷம் எங்க மாமா வயல்ல இதேதான். சாயங்காலமே மருந்து அடிச்சிட்டா மீதியக் காப்பாத்தலாம்."

"பூவும் பிஞ்சுமா வர்ற நேரத்துல வந்துச்சு பாரு" என்றாள் பொன்னுத்தாய்.

ஜாஸ்லின் வயலைப் பார்த்தாள். வைரஸ் நோய் என்றால் அங்கே ஒரு திட்டு, இங்கே ஒரு திட்டு என்று வரும். இது நேர்நேராக இருந்தது. கிழக்கிலிருந்து மேற்கே, மேற்கிலிருந்து கிழக்கே, அவளுடைய ட்ரோன் பறந்த தடத்திலேயே இருந்தது. வயலின் தென்கோடியில் மின்கம்பி தாழ்வாகப் போகிறது. கம்பிக்குப் பக்கத்தில் ட்ரோனை விடக்கூடாது என்பதால் அன்று அந்த ஓரத்தை மட்டும் தெளிக்காமல் விட்டிருந்தாள். "இந்த ஓரம் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று வைரக்கண்ணு அன்றைக்குக் குறைப்பட்டுக்கொண்டார். அப்புறம் கை ஸ்பிரேயரோடு வந்து அடித்துத் தருவதாகச் சொன்னவள், வரவில்லை.

அந்த ஓரம் இப்போது பச்சைப் பசேலென்று நின்றது.

"கம்பிக்குக் கீழ மட்டும் பாரேன். அங்க அண்டல. கரண்டுக்குப் பயந்து பூச்சி போகலபோல" என்றாள் பொன்னுத்தாய். ஷஹ்பாஸ் சிரித்தான்.

ஜாஸ்லின் குனிந்து ஒரு தண்டைத் தொட்டாள். பயிற்சியின் கடைசி நாளில் ஒரு படம் காட்டினார்கள். களைக்கொல்லி பட்ட பருத்திச் செடி. கயிற்றைத் திரித்தது போல இருக்கும். அதுதான் இது. வேறு எதுவுமில்லை.

போன வாரம் வியாழக்கிழமை, இந்த உளுந்துக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு போர்வெல் வயலில் கோடை நெல்லுக்குக் களைக்கொல்லி அடித்தாள். அகன்ற இலை உள்ள செடிகளை மட்டும் கொல்லுகிற மருந்து அது. நெல்லை ஒன்றும் செய்யாது. உளுந்தைக் கெடுக்க அதில் ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் போதும். அதனால்தான் ட்ரோன் டேங்க்கை சோடா போட்டு மூன்று தடவை கழுவ வேண்டும் என்பது விதி. கழுவினாள். மூன்று தடவையா, இரண்டு தடவையா?

யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. காதில் தண்ணீர் புகுந்த மாதிரி எல்லோரும் தூரத்தில் பேசினார்கள்.

"என்ன ஜாஸ்லினு, ஒண்ணும் சொல்லாம நிக்கிற?" என்றார் வைரக்கண்ணு. "நாலு மணிக்கு மெஷின எடுத்தாந்துரு. தம்பி மருந்து கொண்டாந்து தர்றேங்குது."

"சரிங்க மாமா" என்றாள் ஜாஸ்லின்.

அவளுக்கே அவள் குரல் கேட்டது. சரிங்க என்று சொல்கிறோமே என்று நினைத்தாள். சொல்லிவிட்டு லோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

எனக்கு அவள் மேல் கோபம்தான். ஆனால் அந்த வரப்பில் நான் நின்றிருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை. வைரக்கண்ணுதான் அவளை முதன்முதலில் வயலுக்குக் கூப்பிட்ட ஆள். அவருடைய அப்பாவும் இவளுடைய அப்பாவும் ஒரே பண்ணையில் கூலி வேலை பார்த்தவர்கள். "அடைக்கலராஜ் மவ பறக்க விடுது, நம்ம வயல்ல பறக்கட்டும்" என்று ஊரில் எல்லோரும் சிரித்தபோது முன்னால் வந்தவர் அவர்.

*

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

வீட்டில் இரண்டு நீல ட்ரம்கள் உண்டு. ஒன்று களைக்கொல்லி கலக்க மட்டும். அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைத்திருப்பாள். இன்னொன்று மற்ற எல்லாவற்றுக்கும். டி.ஏ.பி.யை முதல் நாள் சாயங்காலமே ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடிகட்ட வேண்டும். போன வெள்ளிக்கிழமை அவள் வெளியில் மாட்டிக்கொண்டதால் போனில் சொல்லி அம்மாவைத்தான் ஊறப்போடச் சொன்னாள்.

"அம்மா, அன்னிக்கு டி.ஏ.பி. எந்த ட்ரம்ல ஊறப்போட்ட?"

"நீ போன்ல சொன்னதுலதான்" என்றாள் ஆரோக்கியம், அரிசி களைந்துகொண்டே. "துணி கட்டாததுல. ஏன்?"

"சும்மாதான்."

அப்படியானால் ட்ரம் இல்லை. டேங்க்தான். இரண்டு தடவைதான் கழுவியிருக்கிறாள். அவளுடைய கை, அவளுடைய அவசரம். கொல்லைப்புறம் போய்ப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து ட்ரோனின் இறக்கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்துவைத்த இறக்கைகள்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு டேவிட்சன் வந்தான். பள்ளிக்கூடம் பக்கம் என்பதால் சைக்கிளில் வந்து சாப்பிட்டுப் போவான். கையில் ஒரு பழுப்பு உறை. அதை மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஜெபமாலை டப்பாவைத் தூக்கி அதன் மேல் வைத்தான். எதையும் நேராக வைக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"எங்க ஸ்கூல் ஆபீஸ் வேலைக்கு உன் பேரைச் சொல்லி வெச்சிருந்தேன்ல. ஃபாதர் சரின்னுட்டாரு. படிவத்துல கையெழுத்துப் போடு. சாயங்காலம் சிலுவைப்பாதை முடிஞ்சதும் நேர்ல கேப்பாரு. திங்கக்கிழமை சேந்துரலாம்."

ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதா கண்ணத் தொறந்துட்டா. இனிமே யாராவது கேட்டா ஸ்கூல் வேலைன்னு சொல்லிக்கலாம்." சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் சொல்லாமல் இருக்க முடியாதென்று அப்போதே கிளம்பிப் போய்விட்டாள்.

அண்ணனும் தங்கையும் தனியாக இருந்தார்கள். ஜாஸ்லின் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். வானிலை அறிக்கை வாசிப்பது போல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். டேவிட்சன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"நிச்சயமா தெரியுமா?"

"கம்பிக்குக் கீழ பச்சையா இருக்கு."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"வைரஸுன்னு சொல்றாங்க."

"அப்புறம் என்ன? அவங்களே சொல்றாங்கல்ல?"

"நாலு மணிக்கு வைரஸ் மருந்து அடிக்கக் கூப்பிட்டிருக்காங்க."

"மெஷின் ரிப்பேர்னு சொல்லு. கையால அடிச்சுக்கட்டும்."

"பூ வந்திருக்குண்ணா. அந்த மருந்து அடிச்சா இருக்கிற தேனீயும் செத்துப்போகும். அதுவாவது பரவாயில்ல. மருந்தடிச்சு, பொழைக்குமா பொழைக்குமான்னு பத்து நாள் பாத்துக்கிட்டே இருப்பாங்க. மாசி முடிஞ்சிரும். இப்பவே உழுதா எள்ளு போடலாம். பத்து நாள் கழிச்சு உழுது என்ன போடுறது? இந்த வருஷம் அந்த வயல்ல ஒண்ணுமே வராது."

டேவிட்சன் தட்டைத் தள்ளிவைத்தான். அவன் கெட்டவன் இல்லை. அப்பா செத்த பிறகு இந்த வீட்டில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து ஓட்டியவன்.

"நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல" என்றான் கடைசியில். "வாயத் தொறக்காதேன்னுதான் சொல்றேன். சொன்னா அதோட உன்னை யாரும் கூப்பிடமாட்டாங்க. எட்டு மாசம் நீ பட்டதெல்லாம் போச்சு. இந்த விஷயம் ஃபாதர் காதுக்குப் போனா ஆபீஸ் வேலையும் சந்தேகம்தான். கையெழுத்துப் போட்டுட்டு, திங்கக்கிழமை நல்ல புடவையா கட்டிக்கிட்டு வா. ட்ரோன வித்துரலாம்."

"ம்."

"ம்-னா?"

"கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம்."

அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். சாப்பிட்டது என்ன என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பள்ளிக்கூட ஆபீஸ் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி, வருகைப் பதிவேடு, பத்தரைக்கு டீ. அதில் ஆசையும் வரவில்லை, வெறுப்பும் வரவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் சென்னை நாற்காலியை விட்டு எழுந்தபோது இருந்த துள்ளல் எங்கே போனதென்றும் தெரியவில்லை.

*

நாலு மணிக்கு அவள் போனாள். லோடு ஆட்டோவை எடுக்காமல் நடந்தே போனாள்.

வாய்க்கால் மதகடியில் ஷஹ்பாஸின் பைக் நின்றது. பின்சீட்டில் மருந்துப் பெட்டி. வைரக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கலக்குவதற்குக் குடத்தில் தண்ணீர் மொண்டு வைத்திருந்தார்.

"மெஷின் எங்க? சார்ஜ் இல்லியா?"

"கொண்டாரல மாமா."

"ஏன்?"

"இது வைரஸ் இல்ல. நான் அடிச்சதுல களைக்கொல்லி கலந்திருச்சு. போன வியாழக்கிழமை வேற வயலுக்கு அடிச்சேன். டேங்க சரியா கழுவல. அந்த மிச்சம் உங்க உளுந்துல விழுந்திருச்சு."

ஷஹ்பாஸ் கையிலிருந்த மூடியைத் திரும்பப் பாட்டிலில் போட்டுத் திருகினான்.

"வாங்க, காட்டுறேன்" என்று ஜாஸ்லின் வரப்பில் நடந்தாள். வைரக்கண்ணுவும் பொன்னுத்தாயும் பின்னால் வந்தார்கள். முறுக்கிய வரிசைகள் கம்பிக்கு முன்னால் கோடு கிழித்தது போல நின்றுபோன இடத்தில் அவள் நின்றாள். இந்தப் பக்கம் சுருண்ட செடி, அந்தப் பக்கம் பூவும் பிஞ்சுமாகப் பச்சை.

"இது நான் அடிக்காம விட்ட இடம் மாமா."

வைரக்கண்ணு வெகுநேரம் அந்தப் பச்சையைப் பார்த்தார். ஐம்பது வருஷம் மண்ணில் நின்றவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"இந்த ஓரத்த விட்டுட்டியேன்னு அன்னிக்கு உன்னைத் திட்டினேன்ல" என்றார்.

அவர் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் ஜாஸ்லினுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கத்தாததைப் பொன்னுத்தாய் ஈடுசெய்வாள் என்று பார்த்தால், அவளும் மெதுவாகத்தான் கேட்டாள். "காலையில இங்க நின்னப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சுமா நாலு மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போன?"

"ஆமா அத்தை."

"ஏன்டி?"

"பயமா இருந்துச்சுன்னு சொல்லணும்னு தோணுது. ஆனா பயமாகூட இல்ல அத்தை. வாய்ல வந்தத சொல்லிட்டுப் போயிட்டேன்."

பொன்னுத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாமா, மாசி முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கு" என்றாள் ஜாஸ்லின். "இத உழுதுட்டு எள்ளு போட்டுரலாம். உழவு, விதை எல்லாம் என் பொறுப்பு. தெளிக்கிறதும் நானே..."

"எள்ளு எனக்குத் தெரியும்" என்றார் வைரக்கண்ணு. "உழவ நீ ஏத்துக்க. அது நியாயம். தெளிக்கிறத நான் கையாலயே தெளிச்சுக்கறேன். உன் மெஷினு இனிமே இந்த வரப்பு ஏற வேணாம்."

மதகடிக்குத் திரும்பி வந்து, குடத்துத் தண்ணீரை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு அவர் நடந்தார். இரண்டடி போனவர் திரும்பி, "கம்பிக்குக் கீழ இருக்கிறத மட்டும் உழாம விட்டுருவேன். விதைக்காவது ஆகும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஷஹ்பாஸ் மருந்துப் பெட்டியைப் பைக்கில் திரும்பவும் கட்டினான். "நானும் வைரஸுன்னுட்டேன், அக்கா" என்று முணுமுணுத்தான். அவன் கடைக்குப் போய்ச் சேர்ந்தால் விஷயமும் போய்ச் சேரும். அவன் என்ன செய்வான்? உரக்கடையில் அன்றாடம் நாற்பது பேர் வந்து நிற்கிறார்கள்.

ஜாஸ்லின் வாய்க்கால் பாலம் ஏறுவதற்குள் முதல் போன் வந்துவிட்டது. ஓகை கிராமத்திலிருந்து ஒருவர். "ஞாயித்துக்கிழமை வர வேணாம்மா, ஆள் கெடச்சிருச்சு." இரண்டாவது, பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் பக்கத்து வீட்டு வேம்பு அண்ணன். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்." அடுத்த வாரம் என்றால் எந்த வாரம் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மூன்றாவது ஆள் காரணம்கூடச் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் ஒரே குரலில் "சரிங்க" என்றாள்.

எட்டு மாதமாகச் சேர்த்த பெயர், மதகடியிலிருந்து தெருமுனை மாதா கெபிக்கு வருவதற்குள் போய்விட்டது. நடந்தால் பன்னிரண்டு நிமிஷம்.

*

வீட்டில் டேவிட்சன் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தான். மேசையில் படிவம், படிவத்தின் மேல் மூடி கழற்றிய பேனா. அவன் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சரி. போனது போகட்டும்" என்றான். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் அவளுக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "ஃபாதர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ கையெழுத்தப் போடு. இன்னும் அரை மணி நேரத்துல மணி அடிச்சிருவாங்க."

அவள் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். பெயர் என்று போட்டிருந்த இடத்தில் அண்ணனே அழகாக எழுதிவைத்திருந்தான். தகப்பனார் பெயரும் எழுதியிருந்தான். தற்போதைய தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தான். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அப்போது ஆரோக்கியம் சமையலறையிலிருந்து கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தவக்காலத்து வெள்ளிகளில் அந்த வீட்டில் ராத்திரிக்குக் கஞ்சியும் துவையலும்தான். அவள் கண் சிவந்திருந்தது. "ஊரெல்லாம் பேசுதுடி. ஸ்கூல் வேலை கெடச்சிருக்குன்னு நான் மத்தியானம்தான் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். சாயங்காலம் அவளே வந்து இதச் சொல்லிட்டுப் போறா" என்று சொல்லிக்கொண்டே பானையைத் தரையில் இறக்கினாள்.

பானையைப் பிடித்திருந்த துணி சிவப்பாக இருந்தது.

ஜாஸ்லின் அதைப் பார்த்தாள். ஒரு முனையில் அவள் கத்தரித்த கோணல் வெட்டு அப்படியே இருந்தது.

"அம்மா, இந்தத் துணி ஏது?"

"இதுவா? கொல்லையில ட்ரம்முல கட்டிக் கெடந்துச்சே. போன வெள்ளிக்கிழமை ஃபாதர் ஜெபம் பண்ணி வீடு மந்திரிக்க வந்தாருல்ல? காலையில கொல்லை வரைக்கும் சுத்தம் பண்ணினேன். ஒரே அழுக்கா கெடந்துச்சு. அவுத்து, சோடா போட்டு ஊறவெச்சு, வெந்நியில அலசி எடுத்தேன். நல்ல கெட்டித் துணி. பானை புடிக்க ஆச்சு."

"போன வெள்ளிக்கிழமை காலையிலயா?"

"ஆமா. ஏன்?"

போன வெள்ளிக்கிழமை காலையில் துணியை அவிழ்த்தாள். அன்று சாயங்காலம் மகள் போனில், துணி கட்டாத ட்ரம்மில் ஊறப்போடச் சொன்னாள். அப்போது வீட்டிலிருந்த இரண்டு ட்ரம்மும் துணி கட்டாத ட்ரம்கள்தான். ஆரோக்கியம் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்தத் துணி எதற்கென்று யாரும் அவளுக்குச் சொன்னதுமில்லை. நாற்பது வருஷம் குனிந்து கையால் களை பறித்தவள் அவள். களையைக் கொல்ல ஒரு மருந்து, அதற்குத் தனியாக ஒரு ட்ரம், அதற்கு ஓர் அடையாளம் என்பதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்?

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் ஜாஸ்லின்.

பேனாவைக் கீழே வைத்தாள். குனிந்து, பானையின் காதிலிருந்து துணியை உருவி எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள்.

"எங்க போற? கையெழுத்து?" என்றான் டேவிட்சன்.

இரண்டு நீல ட்ரம்களும் சுவரோரம் நின்றன. முதல் ட்ரம்மைத் திறந்தாள். வெறும் தண்ணீர் வாசனை. இரண்டாவதைத் திறந்தாள். அடியில் டி.ஏ.பி. வண்டல் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். ஒரு வாரம் ஆகியும் களைக்கொல்லியின் நெடி போகவில்லை. சனிக்கிழமை காலை, துணி இல்லாததைப் பார்த்துச் சரியான ட்ரம் என்றே நம்பி, முகமூடி போட்டுக்கொண்டு, விதிப்படி எல்லாம் செய்துகொண்டு, இந்த நெடி தெரியாமல்தான் வடிகட்டி எடுத்துப் போயிருக்கிறாள்.

அப்படியானால் டேங்க்கை அவள் மூன்று தடவைதான் கழுவியிருக்கிறாள். தெரிந்து என்ன ஆகப்போகிறது? வைரக்கண்ணு வீட்டுக்குப் போய், நான் இல்லை, என் அம்மா என்று சொல்வதா?

துணி இன்னும் சூடாக இருந்தது. காலை ஏழு மணியிலிருந்து அவளுக்கு உறைத்த முதல் விஷயம் அந்தச் சூடுதான். உள்ளங்கை எரிந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு கொஞ்சம் அழுதாள். அதிகமில்லை.

பிறகு துணியை இரண்டாவது ட்ரம்மின் கைப்பிடியில் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, அதன் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

பின்னால் காலடி கேட்டது. ஆரோக்கியம் வாசற்படியில் நின்றிருந்தாள். மகளைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், திறந்து கிடந்த ட்ரம்மையும் அதன் அடியில் காய்ந்திருந்த வெள்ளையையும் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடம் போகாதவள்தான். ஆனால் ஊரே பேசுகிற விஷயம் அவள் காதிலும் விழுந்திருந்தது.

"ஜாஸ்லின்" என்றாள். குரல் உள்ளே போய்விட்டது. "அந்தத் துணி எதுக்குக் கட்டியிருந்த?"

கோயிலில் முதல் மணி அடித்தது. உள்ளேயிருந்து டேவிட்சன், "நேரமாச்சு, யாராவது வர்றீங்களா?" என்று கூப்பிட்டான்.

"நீ முன்னாடி போண்ணா" என்று ஜாஸ்லின் குரல் கொடுத்தாள். "அந்தப் படிவத்தை எடுத்துட்டுப் போகாத. அதுல தொழில் இல்லைன்னு தப்பா எழுதியிருக்க."

அம்மா நகரவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை நகரமாட்டாள் போல நின்றாள். ஜாஸ்லின் பக்கத்தில் இருந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரும்மா" என்றாள். "சொல்றேன்."